ட்ரில்லியம் வரவில்லையா, பூக்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

வாஷிங்டன், ஓரெகன் பக்கம் வீடு வாங்கி, கொல்லையில் நாலு டக்ளஸ் ஃபர் மரமும் இருந்துவிட்டால் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். மார்ச் கடைசியில் ஏதோ ஒரு காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருப்போம். ஈரச் சருகுக்கு மேல் மூன்று இலை, நடுவில் ஒரு சின்னக் காம்பு, அதன் நுனியில் மூன்று இதழோடு ஒரு வெள்ளைப் பூ. அதுதான் ட்ரில்லியம். ராபின் பறவை பாடத் தொடங்கும் காலத்தில் பூப்பதால் இங்கே 'வேக் ராபின்' என்றும் சொல்வார்கள். வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும். வைப்போம். அப்புறம்தான் தொல்லை ஆரம்பம்.

நானும் சியாட்டிலுக்குக் கிழக்கே ஒரு சரிவில் வைத்தேன். முதல் ஐந்து வருடத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. அந்தத் தப்புகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படியுங்கள். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ட்ரில்லியம் ஒரு போகச் செடி. வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் எடுக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிப்ரவரி கடைசியில் தலை நீட்டும், ஜூலை, ஆகஸ்டில் இலை காய்ந்துபோகும். இடையில் உள்ள நாலைந்து மாதத்தில் அந்த மூன்று இலையும் சம்பாதித்துக் கிழங்கில் சேர்ப்பதுதான் வருடம் முழுக்கச் சாப்பாடு. ஏப்ரலில் இலை போனால் ரோஜாவைப் போல மறுபடி துளிர்க்காது. அடுத்த வசந்தம் வரைக்கும் பட்டினி. நம் ஊர் செங்காந்தளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் பழக்கம்தான்: அதுவும் கிழங்குக்குள் ஒடுங்கி, பருவம் பார்த்து வெளியே வரும். தாவரவியலில் இரண்டும் ஒரே பெரிய குலத்தைச் சேர்ந்தவை. வித்தியாசம், காந்தள் மழையைப் பார்க்கிறது, இது குளிரைப் பார்க்கிறது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு போகக் கணக்கு எங்கோ உதைத்ததால் வந்தவை.

எதையும் தொடுவதற்கு முன்: எந்தச் செடி, என்ன தேதி

நான் பேசுவது ட்ரில்லியம் ஓவாட்டம் என்ற மேற்குக் கரைச் செடியைப் பற்றி. தெற்கே கலிபோர்னியாவின் நடுப்பகுதியிலிருந்து வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும், உள்நாட்டில் ஐடஹோ, மேற்கு மொன்டானா வரைக்கும் இதன் வீடு. ஒன்ராறியோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "இது எங்கள் மாகாணப் பூ ஆச்சே" என்பார்கள். அது அக்கா தங்கை உறவுதான், ஆள் வேறு. 1937-இல் ஒன்ராறியோ தன் சின்னமாக எடுத்துக்கொண்டது கிழக்குப் பக்கத்து ட்ரில்லியம் கிராண்டிஃப்ளோரம். அதன் இதழ்கள் அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் புனல் மாதிரி குவிந்து, அப்புறம் வெளியே மடியும். நம்முடையது அடியிலிருந்தே விரிந்துகிடக்கும். காம்பே இல்லாமல் இலை மேல் நேராகப் பூ உட்கார்ந்திருந்தால் அது ட்ரில்லியம் ஆல்பிடம், தெற்கு வாஷிங்டன், ஓரெகன், கலிபோர்னியாவில் வளரும் இன்னொரு வெள்ளைக்காரன். வளர்ப்பு முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நாள் கணக்கு மாறும்.

அந்த நாள் கணக்கு முக்கியம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன பயணி மெரிவெதர் லூயிஸ் கொலம்பியா ஆற்று வழியாகத் திரும்பி வரும்போது 1806 ஏப்ரல் 10 அன்று, நீர்ச்சுழிப்புகளுக்குப் பக்கத்தில் இந்தச் செடியைப் பறித்துப் பத்திரப்படுத்தினார். அந்த மாதிரியை வைத்துத்தான் தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ் இதற்குப் பெயர் வைத்தார். எனக்கு அந்த ஏப்ரல் 10 ஒரு நல்ல அடையாளத் தேதி. தாழ்வான இடத்தில் அந்தத் தேதிக்குச் செடி வெளியே இருக்க வேண்டும், பெரும்பாலும் பூவோடு. மலை ஏற ஏறத் தள்ளிப்போகும், பனி உருகும் இடங்களில் ஜூன் வரைக்கும்கூட. உங்கள் இடம் தாழ்வாக இருந்து, மார்ச் 5-ஆம் தேதி "செடி வரவில்லை" என்று பதறினால் கோளாறு செடியில் இல்லை.

"நட்டேன், வசந்தம் வந்தது, செடி வரவில்லை"

என்ன நட்டீர்கள்? தொட்டியில் பச்சை இலையோடு வாங்கியதா, மரத்தூள் போட்ட பிளாஸ்டிக் பையில் காய்ந்த கிழங்கா?

பையில் வந்ததென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. இந்தக் கிழங்குக்குத் தோல் மெல்லிசு, வெங்காயம் போல் வெயிலில் கிடந்து தாக்குப்பிடிக்காது. நான் முதலில் வாங்கியது ஒரு கடையில், ஐந்து கிழங்கு உள்ள ஒரு பை, விலை மலிவு. ஐந்தில் மூன்று மண்ணோடு மண்ணாகிவிட்டன. மீதி இரண்டும் மூன்றாவது வருடம் ஆளுக்கு ஒரு ஒற்றை இலையை நீட்டின. அந்த மலிவு விலையிலும் ஒரு சேதி இருந்தது, எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை. விதையிலிருந்து பூக்கும் அளவுக்கு வளர்க்க ஏழெட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல் பிடிக்கும் செடியை யாராலும் சல்லிசாக விற்க முடியாது. சல்லிசாக விற்றால் காட்டிலிருந்து தோண்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது "நீங்களே விதையிலிருந்து வளர்த்ததா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

தொட்டிச் செடியை நட்டும் வரவில்லையென்றால், மண்வெட்டி எடுக்காதீர்கள். விரல் போதும். செடி இருந்த இடத்தைச் சுற்றிச் சருகை ஒதுக்கி, மேல்மண்ணை விரலால் மெல்லக் கீறிக்கொண்டே போங்கள். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டருக்குள் கிழங்கு தட்டுப்படும். தொட்டுப் பாருங்கள்.

பிஞ்சு இஞ்சி போலக் கெட்டியாக, நுனியில் வெளிறிய கூர்மொட்டோடு இருந்தால் செடி உயிரோடு, நலமாக இருக்கிறது. மூடிவிட்டு எழுந்து வாருங்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் ஒரு வசந்தத்தை முழுக்கத் தூங்கிக் கழிப்பது இந்தச் செடியின் வழக்கம். வளர்ந்த செடிகூடச் சில வருடம் தலை காட்டாமல் இருந்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல் அடுத்த வருடம் வரும்.

கெட்டியாக இருக்கிறது, ஆனால் மொட்டு பக்கவாட்டிலோ கீழேயோ பார்க்கிறதென்றால் தலைகீழாக நட்டுவிட்டீர்கள். இலை காயும் காலம் வரைக்கும் காத்திருந்து, ஆகஸ்ட் கடைசியில் திருப்பி வையுங்கள்.

அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் போல் அமுங்கி, வாடையும் அடித்தால் அழுகல். கீழே தண்ணீர் நிற்பது பற்றி எழுதியிருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒன்றுமே தட்டுப்படவில்லை, சின்னச் சுரங்கம் மட்டும் இருக்கிறது என்றால் எலியோ பெருச்சாளி மாதிரி ஏதோ ஒன்றோ உங்களை முந்திவிட்டது.

"விதை போட்டு ஒன்றரை வருடம் ஆச்சு, ஒன்றும் காணோம்"

இதில் அநேகமாகக் கோளாறே கிடையாது. ஆனால் மக்கள் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ட்ரில்லியம் விதை பெரும்பாலும் இரண்டு குளிர்காலம் கேட்கும். கோடையில் விழுந்த விதை, முதல் குளிர்காலம் கழிந்ததும் கீழே வேர் மட்டும் விடும். மேலே ஒரு பச்சைப் புள்ளிகூடத் தெரியாது. அந்த வருடம் முழுக்க மண்ணுக்குள் ஒரு குட்டிக் கிழங்கு கட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது குளிர்காலமும் போன பிறகுதான் முதல் இலை மேலே வரும். சில விதை அவசரப்பட்டு ஒரு வருடம் முன்னாடியே எட்டிப் பார்ப்பதும் உண்டு, அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். 2023 ஜூலையில் போட்ட விதைக்கு 2025 மார்ச்தான் நியாயமான கெடு. அது வரைக்கும் தொட்டி காயக்கூடாது. வெறும் மண்தானே என்று ஆகஸ்டில் தண்ணீர் விட மறப்போம், உள்ளே அந்தக் குட்டிக் கிழங்கு செத்துப்போகும். எனக்கு ஒரு தொட்டி முழுக்க அப்படித்தான் போயிற்று.

கெடு தாண்டியும் வரவில்லையென்றால் விதை எப்படி வந்தது என்று யோசியுங்கள். உலர்ந்த விதையாகத் தபாலில் வந்ததா? காய்ந்த விதை ஆழ்ந்து உறங்கிவிடும், நிறையச் செத்தும் போகும். விதை புதுசாக இருக்க வேண்டும். ஜூன் கடைசி, ஜூலையில் காய் மெத்தென்று ஆகி, பக்கத்தில் லேசாக வெடிப்பு விடும்போது எடுக்க வேண்டும். ஒருநாள் முன்னால் எடுத்தால் பிஞ்சு, ஒருநாள் தாமதித்தால் காலிக் காய்தான் இருக்கும்.

காலியாவது எறும்பால். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு காயைப் பிதுக்கி விதைகளைக் காகிதத் தட்டில் பரப்பி வைத்தேன். கம்பு அளவு, பழுப்பு நிறம், ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் வெளிறிய சதைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், விரலில் பட்டால் பிசுபிசுக்கும். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தட்டின் விளிம்பில் வரிசை கட்டிவிட்டது. விதையை யாரும் கடிக்கவில்லை. அந்தச் சதைத் துணுக்கைக் கைப்பிடி மாதிரி கவ்விக்கொண்டு பின்பக்கமாக இழுத்துப் போனார்கள். புற்றுக்குக் கொண்டுபோய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடுவார்கள், அங்கேதான் அது முளைக்கும். அந்தச் சதை, செடி கொடுக்கிற கூலி. மஞ்சள் குளவியும் இதே வேலைக்கு வரும் என்று ஆராய்ச்சியில் பதிவாகியிருக்கிறது.

விதைத்த கையோடு மேலே கம்பி வலை போட்டு மூடுங்கள். எலிக்கு அது தடை, எறும்புக்கு இல்லை, அதனால் விதையை ஒரு சென்டிமீட்டராவது மண்ணுக்குள் தள்ளுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஈரப் பாசியோடு ஜிப் பையில் போட்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜ், மூன்று மாதம் வெளியே, மறுபடி மூன்று மாதம் ஃபிரிட்ஜ் என்று இரண்டு குளிர்காலத்தை ஏமாற்றிக் கொடுப்பார்கள். வேலை செய்யும். எங்கள் வீட்டில் தயிர் டப்பாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் மர்மப் பை ஒன்று ஆறு மாதம் கிடந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் நான் வெளியிலேயே விட்டுவிடுகிறேன்.

"ஒற்றை இலைதான் வருகிறது, மூன்று இல்லை"

இளம் செடியா? முதல் இலை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். அதற்கடுத்த சில வருடம் அகலமான ஒற்றை இலை. அப்புறம்தான் மூன்று. அதுவே ஒழுங்கு.

போன வருடம் மூன்று இருந்து இந்த வருடம் ஒன்றாகிவிட்டதா? அது கிழங்கில் சேமிப்பு கரைந்ததன் அடையாளம். போன வசந்தத்தில் இலைக்கு என்ன ஆயிற்று என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நத்தை, மான், மிதித்த கால், சீக்கிரமே காய்ந்த மண், ஏதோ ஒன்று இருக்கும். காரணத்தை நிறுத்தினால் மெல்ல ஏறி வரும். உரம் கொட்டி வேகப்படுத்த முடியாது.

"மூன்று இலை ஜம்மென்று இருக்கிறது, பூவைக் காணோம்"

இலையின் அகலத்தைப் பாருங்கள். உள்ளங்கையை விடச் சின்னதென்றால் இன்னும் வயதுக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

பெரிய இலை, பூ மட்டும் இல்லை என்றால் வெளிச்சத்தைச் சந்தேகப்படுவேன். நிழல் செடி என்று படித்துவிட்டு நாம் அதைச் சிவப்பு செடார் மரத்தின் அடிவயிற்றில், பகலிலேயே டார்ச் அடிக்கும் இருட்டில் கொண்டுபோய் வைப்போம். காட்டில் கவனியுங்கள்: நன்றாகப் பூத்திருப்பது மேப்பிள், ஆல்டர் மாதிரி இலை உதிர்க்கும் மரங்களுக்குக் கீழே, அல்லது ஃபர் மரங்களுக்கு இடையில் வானம் துண்டாகத் தெரியும் இடத்தில். மரம் தழைப்பதற்கு முந்தைய அந்த வெளிச்சத்தில்தான் இதன் போகமே நடக்கிறது. மரத்தின் தாழ்ந்த கிளை இரண்டைக் கழித்துவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு திருடன் வாள் பெரணி. அழகாகத்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வளர்கிறவைதான். ஆனால் தோட்டத்தில் அதன் பழைய ஓலைகள் சரிந்து ட்ரில்லியத்தின் மேல் படுத்துக்கொள்ளும். பிப்ரவரி நடுவில், முளை வருவதற்கு முன் பழைய ஓலைகளை வெட்டிவிடுங்கள். மார்ச்சில் வெட்டப் போனால் பெரணியோடு ட்ரில்லியத்தின் கழுத்தும் போகும். எனக்குப் போயிருக்கிறது.

"வெள்ளையாகப் பூத்தது, இப்போது ரோஸ் ஆகிவிட்டது"

ஒன்றும் இல்லை. வயசாகிறது. வெள்ளை, இளஞ்சிவப்பு, கடைசியில் கத்தரிப்பூ நிறம், அப்புறம் வாடல். ஒரே பாத்தியில் மூன்று நிறமும் நின்றால் அது வேறு வேறு நாளில் பூத்தது என்று பொருள்.

இதழில் பச்சைக் கோடு ஓடினால்தான் யோசிக்க வேண்டும். கிழக்கத்தி ட்ரில்லியத்தில் நுண்ணுயிர்த் தொற்று ஒன்று இப்படிச் செய்யும். அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கி மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

"காலையில் பார்த்தால் செடி முழுக்கத் தலை தொங்கிக் கிடக்கிறது"

இரவு உறைபனியா? அப்படியென்றால் மத்தியானம் வரைக்கும் கை வைக்காதீர்கள். தண்டைக் குச்சியில் கட்டுவது, வெந்நீர் தெளிப்பது எல்லாம் வேண்டாம். வெயில் ஏறியதும் தானே எழுந்துவிடும்.

உறைபனி இல்லை, தண்டின் அடி பழுப்பாகக் குழைந்து, சாம்பல் பூத்தது போல் பூசணம் இருக்கிறது என்றால் அது வேறு. ஈரமான வசந்தத்தில், காற்றோட்டம் இல்லாத நெருக்கத்தில் வரும். அழுகிய பகுதியை மட்டும் எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பச்சையாக இருக்கும் இலை அரை இலை என்றாலும் அது இருக்கட்டும்.

"இலையில் ஓட்டை" அல்லது "இலையே இல்லை, தண்டுதான் நிற்கிறது"

இதில் குற்றவாளியைக் கண்டுபிடித்தால்தான் மருந்து. வெட்டு வாயைக் குனிந்து பாருங்கள்.

ஒழுங்கற்ற ஓட்டை, விளிம்பில் கடி, பக்கத்தில் காய்ந்த வெள்ளிக் கோடு என்றால் ஓடில்லாத நத்தை. மஞ்சளாக, ஜாண் நீளத்துக்குக் கிடக்கும் வாழைப்பழ நத்தையைப் பார்த்ததும் உப்பை எடுக்காதீர்கள். அது இந்தக் காட்டின் சொந்தக்காரன், பெரும்பாலும் சருகும் காளானும் தின்று காலம் தள்ளுவது. தோட்டத்தில் பெரும் சேதம் செய்வது ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய கருப்பு நத்தையும், விரல் நுனி அளவு சாம்பல் நத்தையும். இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பூ விரிந்த பிறகு மருந்து போட்டுப் பயன் குறைவு. முளை சுருட்டிய குடை போல மண்ணைப் பிளக்கும் அந்த வாரம்தான் ஆபத்து, அப்போது ஒரு கடி விழுந்தால் மூன்று இலையிலும் ஓட்டை. பிப்ரவரி கடைசியிலேயே இரும்பு பாஸ்பேட் குருணை கொஞ்சமாகத் தூவுங்கள். மெட்டால்டிஹைட் கலந்தது நாய்க்கு விஷம், வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தண்டு கந்தலாக, பிய்த்து இழுத்தது போல் இருந்தால் மான். மானுக்கு மேல் முன்பல் கிடையாது, கவ்வி இழுத்துத்தான் கிழிக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியது போல் சுத்தமாக இருந்தால் முயல். முழுச் செடியும் அடியோடு போய், கொஞ்ச தூரத்தில் ஒரு வளை வாயில் பெரணி ஓலையோடு கட்டாக அடுக்கியிருந்தால் அது மவுண்டன் பீவர் என்ற ஒரு கொறிப்பான். பெயரில்தான் மலையும் பீவரும், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத, இந்தக் கரைக்கே உரிய ஒரு பிராணி. இந்த மூன்றுக்கும் கம்பி வலைக் கூண்டு ஒன்றுதான் நிச்சயமான வழி. மருந்து அடிப்பது, சோப்பு தொங்கவிடுவது எல்லாம் இந்த ஊர் மழைக்கு நிற்காது. முளை வருவதிலிருந்து இலை காயும் வரைக்கும் கூண்டு இருந்தால் போதும், போகம் முடிந்துவிடும்.

"இலை மஞ்சளாகிறது"

தேதி சொல்லுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் அறுவடை முடிந்தது, விடுங்கள். அப்போது பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் தப்பு. இந்தக் கரையில் கோடை இயல்பாகவே வறண்டது, உறங்கும் கிழங்குக்கு அது பழக்கம். மண் சுத்தமாகத் தூளாகிப் போகாமல் மேலே சருகு மூடியிருந்தால் போதும்.

மே மாதமே மஞ்சள் என்றால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெரும்பாலும் பக்கத்து மரத்தின் வேர் குடிக்கிறது. வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, மேப்பிள் சருகை நொறுக்கி ஐந்து சென்டிமீட்டர் போர்த்துங்கள். இலையுதிர் காலத்தில் சருகைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, வசந்தத்தில் கடைக்குப் போய் உரம் வாங்குகிறோம். இந்த வேடிக்கையை நிறுத்தினாலே பாதி மஞ்சள் போய்விடும். மண் சொதசொத என்றிருந்தால் கீழே படியுங்கள்.

"கிழங்கு அழுகுகிறது, தண்ணீர் நிற்கிறது"

சியாட்டில் சுற்றுவட்டாரத்தில் புது வீடு வாங்கியவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. அடியில் இருப்பது பனியாறு அரைத்து அமுக்கிவிட்டுப் போன மண், கடப்பாரை போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும். மேலே ஆயிரம் வருடமாகச் சேர்ந்த மக்கை வீடு கட்டும்போது சுரண்டி எடுத்திருப்பார்கள். அதன் மேல் விரல்கடை மண் பரப்பிப் புல் போட்டிருப்பார்கள்.

முப்பது சென்டிமீட்டர் குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் குழி வெட்டி நடுவது வீண், குழி கிண்ணமாகி கிழங்கு ஊறும். மேடு போடுங்கள். பழைய ஃபர் கட்டை இரண்டை வரப்பு மாதிரி கிடத்தி, நடுவில் இலை மக்கும் மண்ணும் கலந்து ஒரு அடி உயரத்துக்கு ஏற்றி அதில் நடுங்கள். காட்டிலும் விழுந்து மக்கும் மரங்களை ஒட்டி ட்ரில்லியம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

"செடி நன்றாகப் பூக்கிறது, ஆனால் பத்து வருடமாக அதே நாலு செடிதான்"

இந்தக் கோளாறுக்குக் காட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. எரிக் ஜூல்ஸ் என்ற ஆய்வாளர் தென்மேற்கு ஓரெகனின் சிஸ்கியூ மலைப்பகுதியில் இதே செடியை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். மொட்டையாக வெட்டப்பட்ட காட்டின் ஓரத்திலிருந்து சுமார் 65 மீட்டர் உள்ளே வரைக்கும், பக்கத்துக் காடு வெட்டப்பட்ட காலத்திலிருந்து புதுச் செடி கிட்டத்தட்ட உருவாகவே இல்லை. கிழடுகள் நின்று பூக்கின்றன, குட்டிகள் இல்லை. ஓரத்தில் மகரந்தச் சேர்க்கை குறைகிறது, விதையைத் தின்னும் எலி கூடுகிறது என்று பிறகு காரணமும் கண்டார்கள்.

நம் தோட்டம் முழுக்கவே ஓரம்தான். 65 மீட்டர் உள்ளே போனால் பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் வந்துவிடும். அதனால் செடி தானாகப் பெருகும் என்று காத்திருக்காமல் எறும்பின் வேலையை நாமே செய்ய வேண்டும். காய் பழுக்கத் தொடங்கும்போது மெல்லிய துணிப் பையைக் கட்டி விதையைப் பிடித்து, உடனே விதைத்து, வலை போட்டு மூடுங்கள். பூச்சிமருந்து தெளித்து எறும்பை ஒழித்திருந்தால் அதை நிறுத்துங்கள்.

கிழங்கைச் சுற்றி லேசாகக் கீறிவிட்டால் கீறலை ஒட்டிப் பக்க மொட்டுகள் வரும், அதுவும் ஒரு வழி. எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

"பூவைப் பறித்துவிட்டார்கள்"

எங்கள் வீட்டில் பறித்தது அம்மா. ஊரிலிருந்து வந்திருந்தாள், ஏப்ரல் முதல் வாரம். காலையில் குளித்துவிட்டுத் தோட்டத்தில் நடந்தவள் நேராகப் பூஜை அறைக்குப் போயிருக்கிறாள். நான் எழுந்து வந்து பார்த்தால் சிவன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் என் ட்ரில்லியம், தண்டோடு, மூன்று இலையோடு. "மூணு இலை, வில்வம் மாதிரியே இருக்குடா, அதான் சாமிக்கு வச்சேன்" என்றாள். அவளிடம் என்ன சொல்ல?

பூவை மட்டும், இலைக்கு மேலே காம்பைக் கிள்ளி எடுத்திருந்தால் கவலை இல்லை, விதை மட்டும்தான் நஷ்டம். இலையோடு போனால் அந்த வருடப் போகம் முழுக்கப் போயிற்று. செய்வதற்கு ஒன்றும் கிடையாது. இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்து, மிதிபடாமல், காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். எங்கள் செடி அடுத்த வருடம் ஒற்றை இலையோடு வந்தது. அதற்கடுத்த வருடம் மூன்று இலை, பூ இல்லை. நாலாவது வருடம் ஒரு சின்னப் பூ, அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "பறிக்கலையா?" என்றுதான் கேட்டாள்.

"செடி இருக்கும் இடத்தில் வேலை நடக்கப்போகிறது, மாற்ற வேண்டும்"

உங்கள் சொந்த மண்ணில் இருக்கும் செடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பூங்காக்களில் செடி தோண்டுவது சட்டப்படி குற்றம்.

வசந்தத்திலேயே ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் குச்சி குத்திவிடுங்கள், ஆகஸ்டில் இலை போன பிறகு இருந்த இடமே தெரியாது. செப்டம்பரில், முதல் மழைக்குப் பிறகு, குச்சியிலிருந்து ஒரு ஜாண் தள்ளிச் சுற்றி வெட்டி, மண்கட்டியோடு தூக்குங்கள். மண் உதிர்ந்துபோனால் கிழங்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வளையம் வளையமாக இடுக்கு விட்டிருக்கும், ஒவ்வொரு வருட வளர்ச்சிக்கும் ஒன்று. நான் மாற்றிய ஒரு செடியில் பத்தொன்பது வரைக்கும் எண்ணினேன், பின்முனை மக்கிப்போயிருந்ததால் அதற்கு மேல் எண்ண முடியவில்லை. வீட்டுப் பத்திரத்தை விட அதற்கு வயது அதிகம்.

வேரைக் காய விடாமல் ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே புது இடத்தில் மொட்டு மேலே பார்க்க, பழைய ஆழத்திலேயே வையுங்கள். ஒரு வாளி தண்ணீர், மேலே சருகு. அடுத்த வசந்தம் வராவிட்டாலும் குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள்.